அறுபது முட்டை

“நான் வராத அன்னைக்கும் என் பேரக் கூப்பிடுவீங்களா டீச்சர்?” என்று ஆறாம் வகுப்பு இர்ஃபானா ஒருமுறை கேட்டாள்.

“கூப்பிடாம?” என்றார் தலைமையாசிரியை சத்யபிரியா.

அடுத்த மாதமே காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது. வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை அடித்தார்கள். அதன்பின் சத்யபிரியா ஒருநாளும் அவளைக் கூப்பிடவில்லை.

இரண்டு வருடம் கழித்து, கீரமங்கலம் பக்கத்து அந்த நடுநிலைப் பள்ளிக்குத் தலை எண்ண அதிகாரி வந்தார். அறுபது பேர் இல்லையென்றால் கணக்கு டீச்சரை மாற்றிவிடுவார்கள். அந்த டீச்சர் வந்த பிறகுதான் பிள்ளைகள் கணக்கில் தேறத் தொடங்கியிருந்தார்கள். பதிவேட்டில் இருந்ததே சரியாக அறுபது பேர்; அன்று பார்த்து அவர்களில் ஒருவனான செம்மல் தங்கையின் காதுகுத்துக்குப் போய்விட்டான்.

“இன்னைக்கு அம்பத்தொம்பதுதான் சார்,” என்று மறைக்காமல் சொன்னார் சத்யபிரியா.

அதிகாரி இரண்டு முறை எண்ணினார். “அறுபது இருக்கே! கணக்கு டீச்சர் மொதல்ல ஒங்களுக்குத்தான் தேவை,” என்று சிரித்தபடி கையெழுத்திட்டார்.

மதியம் சமையலம்மா காலிச் சட்டியைக் காட்டினார். “ஒன்னு மிஞ்சணுமே டீச்சர்? அறுபது முட்டையும் தீந்துருச்சுங்க.”

மாலை, பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு, சத்யபிரியா எட்டாம் வகுப்பில் தனியாக நின்று பதிவேட்டைப் பிரித்தார். கடைசிப் பெயருக்குப் பின், “இர்ஃபானா,” என்று கூப்பிட்டார். ஒரு பிள்ளை எழுந்து பதில் சொல்லி உட்காரும் நேரம்வரை காத்திருந்து, பதிவேட்டை மூடினார்.