அடைக்காத வட்டங்கள்

ஜெகநாதன் விட்ட அறையில் ஹேமலதாவின் தலை தறிக்கால்மேல் போய் மோதியது.

குழந்தைக்கு விழவேண்டிய அடி அது. நடுவில் வந்து அவள் வாங்கிக்கொண்டாள்.

உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கையை எடுக்கவில்லை. இரண்டு கையும் பின்னால் நிற்கும் தேவிப்ரியாவைப் பிடித்திருந்தன. அவர்களுடைய ஒன்பது வயசுப் பெண். புற்றுநோய் மருந்து ஏற ஏறத் தலையில் ஒரு முடிகூட இல்லை.

"நவுரு. இன்னிக்கு இவள நான் கேட்டே ஆவணும்."

"கேக்கறதுன்னா வாயால கேளுங்க. ஊசி குத்தவே அது உடம்புல இனிமே எடமில்ல. நீங்க வேற அடிக்கணுமா?"

எல்லாம் ஒரு தாளுக்காக.

வேலூர் ஆஸ்பத்திரியில் சாவித்திரி சிஸ்டர் கொடுத்தனுப்பிய தாள். வலி, வாந்தி, வாய்ப்புண், அசதி, பயம் என்று ஒன்றின்கீழ் ஒன்றாக ஐந்து வரி. வரிக்கு ஏழு வட்டம், நாளுக்கு ஒன்று. எது வந்ததோ அந்த நாளின் வட்டத்தைப் பென்சிலால் கருப்பாக்கவேண்டும். குறிக்கவேண்டியது குழந்தைதான். பெற்றவர்கள் சொல்லித்தரக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. ரத்தப் பரிசோதனையோடு இதையும் வைத்துப் பார்த்துத்தான் அடுத்த மருந்து எவ்வளவு என்று முடிவு செய்வார்கள்.

நேற்றோடு ஏழு நாள் முடிந்தது. இன்று காலை பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில் ஜெகநாதன் தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டான்.

முதல் மூன்று நாள் குழந்தை இட்லி தின்றது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு தாயம் ஆடியது. அந்த மூன்று நாளுக்கும் வட்டங்கள் கருப்பாயிருந்தன.

அடுத்த நாலு நாள் பச்சைத் தண்ணீர்கூட இறங்காமல் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தது. அந்த நாலு நாளும் வெறும் வெள்ளை.

"துடிச்சிகினு கெடந்த நாளுக்கு ஒண்ணுமே இல்லன்னு போட்டு வெச்சிகீறா. இதப் பாத்தா டாக்டரு என்னா பண்ணுவாரு? நல்லாத்தான கீதுன்னு முழுசா ஏத்துவாரு. இன்னொரு தபா தாங்குவாளா இவ? பொய் சொல்றதுக்கு எடம் வேணாம்?"

அவன் பயந்துதான் போயிருந்தான். பயந்தால் அவனுக்குக் கைதான் பேசும். தெருவுக்கே தெரியும்.

பென்சிலைப் பிடுங்கி இரண்டாக ஒடித்து எறிந்தான். தறியில் குறுக்குநூல் ஓட்டும் நாடாவை எடுத்து வீசினான். அதன் இரும்பு முனை குழந்தையின் காதோரமாய்ப் பறந்து சுவரில் காரையைப் பெயர்த்தது. ஹேமலதாவின் முடியைப் பிடித்து இழுத்து ஒரு பக்கம் தள்ளினான். அப்படியே குழந்தையை எட்டிப் பிடிக்கப் போனவனுக்குக் கால் இடறியது. விழாமலிருக்க, தறிக்கு மேலே தொங்கிய அட்டைச் சரத்தைப் பிடித்தான்.

கயிறு அறுந்தது. புடவையில் பூ விழவைக்கும் அட்டைகள் அத்தனையும் சடசடவென்று குழந்தையின் தலைமேல் கொட்டின.

முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள், கதை கேட்கும் கண்ணுகளா. அட்டைதான், கல் இல்லை. அடி பலமாய்ப் படவில்லை.

அந்த அட்டைகளில் வரிவரியாக ஓட்டை இருக்கும். ஓட்டை இருந்தால் நூல் மேலே வரும். இல்லாவிட்டால் வராது. தப்பாக விழுந்த ஓட்டையைக் காகிதம் ஒட்டி அடைத்துவிடுவார்கள். பசை தடவி அடைப்பது அந்த வீட்டில் ஆறு வயசிலிருந்து தேவிப்ரியாவின் வேலை.

காலடியில் கிடந்த அட்டைகளைக் கிளறி, ஒன்றை எடுத்துக் குழந்தை அப்பாவிடம் நீட்டியது. அதில் ஓர் ஓட்டைமேல் சின்னதாய்க் காகிதம் ஒட்டியிருந்தது.

"பொய் இல்லப்பா. வரக் கூடாததுக்கு அடைச்சிடணும்னு நீதான சொன்ன. வலி வராத நாளெல்லாம் அடைச்சிட்டேன். வந்தத அப்டியே வுட்டுட்டேன்."

மறுபடி ஓங்கப் போன கை நின்றது.

தாளைத் தரையிலிருந்து எடுத்தான். இருபது வருஷமாய் அட்டை பார்த்த கண். இப்போது அட்டையைப் பார்ப்பதுபோலவே பார்த்தான். நாலு நாள் வலி. நாலு நாள் வாந்தி. வாய்ப்புண்ணும் அசதியும் அதே நாலு நாள். ஒரு வட்டம் பிசகவில்லை.

கடைசி வரி பயம்.

அதில் ஏழு வட்டமும் திறந்து கிடந்தன. இட்லி தின்ற நாளும், தாயம் ஆடிய நாளும் சேர்த்து.

என்ன பயம் என்று அவன் கேட்கவில்லை.

ஹேமலதா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, பையில் மீதியிருந்த ஒரு புதுத் தாளை எடுத்து விரித்தாள். வந்ததுக்குத்தான் கருப்பு என்று மட்டும் சொன்னாள். ஜெகநாதன் ஒடித்த பென்சிலில் ஒரு பாதியைத் தறிக்குழிக்குள் இறங்கித் தேடி எடுத்தான். பிளேடால் சீவினான். முனை இரண்டு தடவை முறிந்தது. மூன்றாம் தடவை சீவிக் குழந்தையின் கையில் கொடுத்தான்.

குழந்தை குப்புறப் படுத்துக்கொண்டு வட்டம் வட்டமாய்க் கருப்பாக்கியது. வலிக்கு நாலு. வாந்திக்கு நாலு. கடைசி வரியில் ஏழு.

வெளியே ஏழேகால் பஸ் ஹாரன் அடித்தது.

"ஆச்சா, தேவி?" என்றாள் ஹேமலதா.

"இரும்மா, இன்னும் ஒண்ணு."

இன்றைக்கென்று அந்தத் தாளில் இடம் கிடையாது. பயத்தின் வரியில், ஏழாவது வட்டத்தைத் தாண்டி, தாளின் ஓரத்தில், தேவிப்ரியா தானாகவே ஒரு வட்டம் போட்டாள்.

அப்பாவை ஒருமுறை பார்த்தாள்.

பிறகு அதையும் கருப்பாக்கினாள்.