முதல் வண்டி

பொத்தான் அங்கே இருப்பது இவருக்கு எப்படித் தெரியும்?

வாய்விட்டு அவள் கேட்கவில்லை. பழைய டிராக்டர்கள் விற்கும் கொட்டகையில், சிவப்பு வண்டி மேல் உட்கார்ந்திருந்த கணவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மற்ற நான்கு வண்டிகளை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே இதில் ஏறினான். சாவியைத் திருகினான். குனியாமல், தேடாமல், இருக்கைக்கு அடியில் கையை விட்டான்.

எஞ்சின் உறுமியது.

"அட! சாவி சுவிட்சு செத்துப்போச்சு, அடியில காலிங்பெல் பட்டன் ஒண்ணு இருக்குன்னு சொல்ல வாயெடுக்கிறேன், அதுக்குள்ள தட்டிட்டீங்களே! என் மெக்கானிக்கே அரைநாள் தேடினான் தம்பி," என்றார் தரகர்.

"குருட்டு அதிர்ஷ்டம்ண்ணே. சைக்கிளைத் தாண்டி நான் எதையும் ஓட்டினதில்ல."

அவளிடமும் அதைத்தான் சொல்லியிருந்தான். அவள் பெயருக்கு அப்பா எழுதிவைத்த இரண்டு ஏக்கரை உழ ஒரு வண்டி வாங்கலாம் என்று பேச்செடுத்த நாளிலிருந்து, முதல் வண்டி, முதல் வண்டி என்று குழந்தைபோலக் குதித்துக்கொண்டிருந்தான்.

கல்யாணமாகி ஆறு மாதம். எல்லாமே அவனுக்கு முதல்தான். முதல் நிலம், முதல் விதைப்பு. அவளை மட்டும் அப்படிச் சொல்ல வழியில்லை.

தரகர் அவள் பக்கம் நகர்ந்து குரலைத் தணித்தார்.

"மறைக்கக் கூடாது பாருங்க தங்கச்சி. ஒரே ஆள் ஓட்டின வண்டி. அவரை நான் பார்த்ததில்ல, கைமாறித்தான் என்கிட்ட வந்துச்சு. ட்ரெய்லர் மாட்ட அவர் சம்சாரம் பின்னாடி நின்னிருக்கு. வண்டி பின்னால உருண்டு, அந்தம்மா அங்கேயே போயிருச்சு. பாவம், நேரம்."

புகை அவள் முகத்தில் அடித்தது.

கொட்டகை ஓரத்தில் நின்ற ட்ரெய்லரை நோக்கி வண்டி பின்னால் வந்துகொண்டிருந்தது. கோடு கிழித்ததுபோல நேராக. கழுத்தைக்கூட அவன் முழுசாகத் திருப்பவில்லை. ட்ரெய்லருக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினான்.

முதல் மனைவியை மஞ்சள் காமாலை கொண்டுபோய்விட்டது என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டான். சொல்லும்போது கண் கலங்கியது. அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் அவள் சம்மதித்தாள்.

இப்போது அவன் திரும்பிச் சிரித்தான். நல்ல சிரிப்பு. தினமும் காலையில் அவளைப் பார்த்துச் சிரிக்கும் அதே சிரிப்பு.

"வேடிக்கை பார்த்தது போதும்மா. நடுவுல நின்னு ட்ரெய்லரை மாட்டுற கம்பியைச் சொருகு. பயப்படாத, பிரேக்குல கால் வச்சிருக்கேன்."

தரகர் கம்பியை எடுத்து நீட்டினார்.

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் இங்கயே நிக்கிறேங்க," என்றாள்.