ஞானசேகர் சாரின் புது மாணவன்
வலது கை மாவுக்கட்டில் கிடப்பதால் வரலாற்று ஆசிரியர் ஞானசேகர், கணக்கு டீச்சர் சிந்துவின் லேப்டாப்பில் வாயாலேயே கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். ஆசிரியர் அறை ஜன்னல் வழியாக வரும் வெயில் மாவுக்கட்டின் மேல் மட்டும் விழுந்து, அதற்கு ஏதோ விருது கொடுத்ததுபோல் மின்னுகிறது. கொத்தனார் மகள் வள்ளிக்கண்ணுவின் கல்லூரி உதவித்தொகைக்குப் பரிந்துரைக் கடிதம் நாலு மணிக்குள் போயாக வேண்டும். கடிகாரத்தில் மூன்றே முக்கால். சார் தொண்டையைச் செருமி ஒரு வாக்கியம் சொல்கிறார். நிறுத்துகிறார். முப்பது வருடம் வகுப்பில் நோட்ஸ் சொன்ன பழக்கத்தில் அதையே மறுபடி சொல்கிறார். லேப்டாப் எழுத்துப் பிசகாமல் இரண்டையும் எழுதுகிறது; செக்காலை ரோட்டு ஆட்டோ ஹாரனை மட்டும் நாகரிகமாக விட்டுவிடுகிறது. “சார், ஒருதடவை சொன்னாப் போதும்,” என்கிறாள் சிந்து. “கடைசி பெஞ்சும் எழுத வேண்டாமா டீச்சர்?” “இதுக்குக் கடைசி பெஞ்சே கிடையாது சார்.” அவர் திரையை உற்றுப் பார்க்கிறார். கொட்டாவி விடாமல், பக்கத்தில் பார்க்காமல், சொன்னதையெல்லாம் எழுதும் மாணவனை இன்றுதான் முதன்முதலாகச் சந்திக்கிறார். “நல்லா வளத்திருக்காக,” என்கிறார். சிந்து இரட்டை வாக்கியங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வருகிறாள். நாலு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கிறது. கடைசி வரியில் ‘இந்தப் பெண்ணை நம்பிப் படிக்க வைக்கலாம்’ என்று இரண்டு முறை இருக்கிறது. அவள் விரல் அழிக்கப் போகிறது. “அது மட்டும் கிடக்கட்டும் டீச்சர். அங்குட்டு வாசிக்கிறவுகள்லயும் கடைசி பெஞ்சு இருப்பாக.”