நிறம் பார்க்காத மாப்பிள்ளை

பவுலின் அன்றைக்குப் பவுடர் பூசவில்லை. இதற்கு முன் வந்த ஐந்து மாப்பிள்ளைகளுக்கும் அரை டப்பா பூசிக்கொண்டு நின்றவள்தான். ஐந்து பேருமே கேசரியைத் தின்றுவிட்டு, பெண் கறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆறாவது வரனைக் கிளியனூருக்குக் கொண்டுவந்த தரகர் மாசிலாமணி அடித்துச் சொல்லியிருந்தார். “விழுப்புரத்துல பாங்கு டெலிபோன் ஆபரேட்டரு. நெறம் பாக்கவே மாட்டாரும்மா, அதுக்கு நான் கேரண்டி.” அப்போது அப்பாவும் அம்மாவும் ஏனோ ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை அமலதாஸ் குனிந்த தலை நிமிரவில்லை. காபியைக்கூட அவருடைய அக்காதான் வாங்கிக் கையில் கொடுத்தாள். மேலும் கீழும் அளக்கிற கண்களையே பார்த்துப் பழகிய பவுலினுக்கு அந்த அடக்கம் ரொம்பப் பிடித்துவிட்டது.

மாதா கோயில் பாடகர் குழுவில் இருக்கிறாள் என்றதும் ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். பாடினாள். “உங்க குரலக் கேட்டுக்கினே இருக்கலாம்ங்க” என்றார். இருபத்தெட்டு வயதுக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா? உள்ளே வந்த பவுலின் மனசுக்குள் கல்யாணப் புடவையே எடுத்து முடித்துவிட்டாள்.

கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். அவர் அக்காவின் காதில் என்னவோ கேட்டார். அக்கா திருப்பி என்னவோ சொன்னாள். அவர் முகம் சுருங்கிப்போனது.

சற்று நேரத்தில் அக்கா சமையலறைக்கே வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

“தம்பிக்குச் செவப்பான பொண்ணுதான் வேணுமாம். கறுப்பா ஒருத்தியக் கூட்டிக்கினு போனா நாலு பேரு என்னா பேசுவாங்கன்னு கேக்குது. தப்பா நெனச்சிக்காதீங்க. நாங்க திண்டிவனம் பஸ்ஸப் புடிக்கணும்.”

பவுலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கமானவன்போல உட்கார்ந்துகொண்டு, எந்த நேரத்தில் ஓரக்கண்ணால் பார்த்துத் தொலைத்தான்? முகத்துக்கு நேராகவே கேட்டுவிடுவது என்று கிளம்பினாள்.

“வேணாம்மா, போவாத” என்று அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். அம்மாவின் கண் கலங்கியிருந்தது. பவுலின் உதறிவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

வாசலில் அக்கா தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“மூணு படி இருக்குடா. என் கையக் கெட்டியா புடிச்சிக்கினு எறங்கு.”