பிரேக் பிடிக்கும் வரை

"மிதி அமிர்தம். நல்லா மிதி."

பழைய அமெரிக்கக் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த மதிவாணன், சக்கரத்துக்குப் பின்னாலிருந்த நிப்பிளை ஸ்பேனரால் அவசரமாகத் தளர்த்தினான். பிரேக் குழாயிலிருந்து காற்றை எடுக்கும் வேலை. ஒருவர் மேலே பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் கீழே திறந்து மூட வேண்டும்.

ஆயில் வரவில்லை. வண்டல் கலந்த ஆற்றுத் தண்ணீர் வந்தது.

"விடு."

கொட்டகை வாசலில் மைத்துனன் தமிழ்மாறன் வந்து நின்றான்.

"இன்னுமா மச்சான்? லாரிக்காரன் மன்னார்குடி தாண்டிட்டான். பழைய இரும்புக்குப் போற வண்டிக்கு பிரேக் எதுக்கு?"

"பிடிக்கணும் மாப்ள. ஒரே ஒரு தடவை பிடிச்சிட்டா அனுப்பிடுறேன்."

"மேட்டூரை மூடியாச்சு. ஆத்துலயே தண்ணி இல்ல, அமெரிக்காக்காரன் வண்டியில மட்டும் ஓடுது." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "எழுந்து வாங்க மச்சான்."

"மிதி," என்றான் மதிவாணன்.

தமிழ்மாறன் ஸ்டீயரிங் இருந்த இடப்பக்க ஜன்னலில் எட்டிப் பார்த்தான். இருக்கை காலியாக இருந்தது. பிரேக் பெடல் தரையோடு அழுந்திக் கிடந்தது.

தெருவில் லாரி ஹாரன் அடித்தது.

"விட்டுடு அமிர்தம். போதும்," என்றான் மதிவாணன் அடியிலிருந்து.

பெடல் எழவில்லை.

போன ஐப்பசி வெள்ளத்தில், பாமணியாற்றிலிருந்து கிரேன் இந்தக் காரைத் தூக்கியபோதும், உள்ளே இருந்த தமிழ்மாறனின் அக்கா அமிர்தத்தின் கால் அந்தப் பெடலை விட்டிருக்கவில்லை.