அரை பாட்டில் எண்ணெய்

"பையில இன்னா இருக்கு, பாஞ்சாலி?"

பள்ளிக்கூட வாசலிலேயே மறித்துக்கொண்டார் தீர்த்தகிரி. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர். சமையல்காரம்மா எண்ணெய் பாட்டிலைப் பையில் வைத்ததைப் பார்த்ததாக மத்தியானம் இரண்டு பேர் சொன்னதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"என் சாமான் இருக்கு."

"காட்டு."

"காட்ட மாட்டேன். இன்னா பண்ணுவீங்க?"

ஒன்பது வருடமாக அடுப்படியில் நிற்கிறவள். இப்படி எதிர்த்துப் பேசி அவர் கேட்டதேயில்லை. சுர்ரென்று ஏறியது.

"புள்ளைங்க வவுத்துல அடிக்கிறியே, வெக்கமா இல்ல? நாளைக்கே ஆபீசுக்கு எழுதிப் போடறேன். உன் வேலை போயிடும்."

"எழுதிக்குங்க."

சத்தம் கேட்டு ஆனந்தி டீச்சர் ஓடி வந்தார். பின்னாலேயே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்.

பாஞ்சாலி பையிலிருந்து பாட்டிலை எடுத்து மதில் மேல் டொக்கென்று வைத்தாள். மேலே எண்ணெய். அடியில் கேசரிப் பவுடர் கரைத்த சிவப்புத் தண்ணீர். காகிதத்தில் மடித்திருந்த, தண்ணீரில் போட்டால் நுரைக்கும் மாத்திரையில் பாதியை உடைத்து உள்ளே போட்டாள்.

புஸ்ஸென்று நுரைத்தது. சிவப்புக் குமிழிகள் எண்ணெயைத் துளைத்துக்கொண்டு ஏறின. உருண்டு இறங்கின. மறுபடி ஏறின.

"லாவா விளக்கு!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"காலையில கிளாஸ்ல செஞ்சு காட்டினேன் சார்," என்றார் டீச்சர். "மாத்திரை நான் குடுத்தது. எண்ணெய் அவங்க வீட்டுது. வேணும்னா ஸ்டோர் ரூம்ல அளந்து பாருங்க, ஒரு சொட்டு குறையாது."

தீர்த்தகிரிக்கு முகம் சுண்டியது. ஆனாலும் விடவில்லை.

"உன் வூட்டு எண்ணெய்னா எதுக்கு ஒளிச்சு எடுத்துட்டுப் போற? யாருக்கு இந்த வெளாட்டுச் சாமான்?"

"கிளாசுக்கு வர முடியாத ஒரு புள்ளைக்கு. வூட்டு வேலிக்கு அந்தாண்ட நின்னுக்கிட்டு, 'அக்கா, இன்னிக்கு இன்னா சொல்லிக் குடுத்தாங்க'ன்னு தெனம் கேக்குது. காதுல வுழுந்தத நானும் சொல்லிட்டு வர்றேன். இத வாயால சொல்லத் தெரியல. அதான் கையோட எடுத்துட்டுப் போறேன். நாளைக்கும் போவேன். முடிஞ்சா தடுத்துக்குங்க."

"யாரு அந்தப் புள்ள?"

பாஞ்சாலி பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"வயசுக்கு வந்துட்டா, படிச்சது போதும்னு மூணு மாசமா வூட்டோட நிறுத்தி வெச்சிருக்கீங்களே, உங்க பொண்ணு கோகிலவாணி. அதுக்குத்தான்."