விதுஷாவின் வயது

"பதினெட்டு வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையளுக்குத்தானே அந்தப் பேஸ்போல் போட்டி? உன்ர மகளுக்குப் பத்தொன்பது. வயசைக் குறைச்சுக் கடிதம் தரச் சொல்லி என்னட்டையே கேக்கிறியோ?"

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் அலுவலகத்தில், பதிவுகளை எழுதும் பெரிய கிளாக்கர் தர்மராசாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"விதுஷாவுக்கு நெசமாவே பதினேழுதாங்கய்யா," என்றாள் இராக்கம்மா. "பதுளையிலயிருந்து அவ ஒருத்தியத்தான் ஜப்பானுக்கு எடுத்திருக்காங்க. நீங்க கடுதாசி குடுத்தா போதும்."

"முப்பது வருசமா இந்தப் பதிவுப் புத்தகத்தில நான் ஒரு கள்ள வேலையும் செய்ததில்லை. நீயே பார்."

புத்தகத்தை விரித்து அவள் பக்கம் திருப்பினார். விதுஷா பிறந்த ஆண்டு அடிக்கப்பட்டு, மேலே வேறோர் ஆண்டு எழுதப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்து. அவருடையதேதான்.

"நாலு வருசத்துக்கு முந்தி, கொழுந்தெடுக்க ஆள் பத்தலன்னு நீங்கதானேய்யா ரெண்டு வயசக் கூட்டி அவ பேரப் பதிஞ்சீங்க? பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருந்த புள்ளைங்க அவ."

தர்மராசா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். பிறகு புத்தகத்தை மூடினார்.

"எழுதினதை இனி மாத்தேலாது இராக்கம்மா," என்றார். "அது கள்ள வேலை."